பேத்திக்கு எந்தக் கல்லூரி?

அமெரிக்காவிலிருக்கும் என் பேத்தி மிச்சிகனா, சிகாகோவா என்று குழம்புகிறாள். சிகாகோவுக்கு முன்முடிவு முறையில் விண்ணப்பித்து இடம் கிடைத்துவிட்டால், அங்கேதான் சேர வேண்டும்.

மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் ஊரே மஞ்சளும் நீலமும்தான். (அவர்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையில் ஏந்தித்தான் ஓடுவார்கள்!) சிகாகோவும் ஒரு காலத்தில் அப்படித்தான். முதல் ஹைஸ்மன் விருது, 1935இல், அதன் மாணவர் பெர்வாங்கருக்கே. 1939இல் ஃபுட்பாலையே கைவிட்டார்கள். ஆட்டம் பிறகு திரும்பியது. அந்தத் திருவிழா திரும்பவில்லை.

"படிக்கப் போறவளுக்கு மேட்ச் எதுக்குப்பா?" என்கிறாள் மகள். பேத்தியோ கூச்ச சுபாவக்காரி. நான்கு வருடம் அந்தச் சத்தம் அவளுக்குத் துணையாகுமா, தொல்லையாகுமா? அதை அவளே நேரில் பார்க்கட்டும் என்றேன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை போகிறாள். டிக்கெட் என் பென்ஷனில்.