ஆம்பூரில் தைத்த குளிர்காலம்

ஆம்பூரில் வெயில் கொளுத்தும் மாதங்களில்தான் ஐரோப்பாவின் குளிர்கால பூட்ஸுக்கு வேலை மும்முரமாக நடக்கிறது. செப்டம்பரில் ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ கடைக்கு வர வேண்டிய சரக்கு, கப்பலில் போகும் நாட்களையும் கணக்கில் எடுத்தால், ஆனி ஆடிக்குள் பெட்டியில் ஏறிவிட வேண்டும். நான் போனதும் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். காலை எட்டு மணிக்கு முன்பே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் கம்பெனி பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் வரிசை கட்டி நின்றன. இறங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலையில் மல்லி, கையில் டிபன் கேரியர், கழுத்தில் அடையாள அட்டை.

கனடாவில் படிக்கும் என் அண்ணன் மகள் கேட்ட கேள்விதான் என்னை அங்கே இழுத்துப்போனது. “அத்தை, யாரையும் வதைக்காம, மண்ணையும் கெடுக்காம செஞ்ச பூட்ஸ் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கடையில எல்லாத்துலயும் பச்சை இலை போட்ட ஒரு சீட்டு தொங்குது” என்றாள். சீட்டை விட்டுவிட்டுச் செய்கிற இடத்தைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் ஊர்கள் உலகத்தின் பல கால்களுக்குச் செருப்பும் ஷூவும் தைத்துக் கொடுப்பவை.

பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு தொழிற்சாலைக்குள் விட்டார்கள். வெட்டும் பிரிவில் ஒருவர் முழுத் தோலை மேசைமேல் விரித்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, சூடு போட்ட இடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் கத்தி அச்சை வைக்கிறார். மாடு மேய்ந்த காடெல்லாம் அந்தத் தோலில் இருக்கிறது. அடுத்த கூடத்தில் பெண்கள் வரிசையாகத் தையல் இயந்திரங்களில் மேற்பகுதியைத் தைக்கிறார்கள். இங்கே எல்லோரும் அதை அப்பர் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கப்பால், பாத வடிவ அச்சின் மேல் அப்பரை இழுத்துப் பிடித்து, அடிப்பாகத்தைச் சேர்க்கிறார்கள். அச்சுக்குப் பெயர் லாஸ்ட், அடிப்பாகத்துக்கு சோல்.

சூப்பர்வைசர் இரண்டு பூட்ஸை என் முன்னால் வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றில் சோலைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மற்றதில் அப்பரைச் சுற்றி ஒரு பட்டையை வைத்துத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தனியாகத் தைத்திருக்கிறார்கள். குட்இயர் வெல்ட் என்பது இந்த முறைக்குப் பெயர். “இது வாய் பொளந்தா அவ்ளோதான் மேடம், தூக்கிப் போட வேண்டியதுதான். இதுக்கு அடி தேஞ்சா வேற அடி போட்டுக்கலாம், மேல் தோலு அப்படியே இருக்கும்” என்றார். ஒட்டுவது வேகமான வேலை, விலையும் குறைவு. தைப்பதற்கு இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். சுற்றுச்சூழலுக்கு உகந்த பூட்ஸ் எது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பதில் இதுதான். மூன்று முறை சோல் மாற்றிப் பத்து வருடம் போடும் பூட்ஸ், மூன்று குளிர்காலத்தில் குப்பைக்குப் போவதை எந்தச் சீட்டின் துணையும் இல்லாமல் ஜெயித்துவிடும்.

குளிருக்கு வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவற்றையும் அவரே சொன்னார். பிவிசி சோல் குளிரில் விறைத்து, பனியில் வழுக்கும். ரப்பர் வளைந்து கொடுக்கும். பாலியூரித்தேன் சோல் மெத்தென்று இருந்தாலும் ஈரக்காற்றைக் குடித்துக் குடித்துச் சில வருடங்களில் பெட்டிக்குள்ளேயே உதிர்ந்து போவதுண்டு. தடித்த கம்பளிக் காலுறையோடு அளவு பார்க்க வேண்டும். விரல் அசைய இடமில்லாத பூட்ஸுக்குள் எத்தனை கம்பளி வைத்தாலும் கால் சில்லிட்டுத்தான் போகும், ஏனென்றால் சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் காற்று.

கூடத்தை விட்டு வரும்போது தர ஆய்வு அறையில் ஒரு பரிசோதனைத் தாளைக் காட்டினார்கள். தோலில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருக்கிறது. சருமத்தில் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியது அது. லாட் லாட்டாகச் சோதிக்கிறார்கள். தாண்டினால் சரக்கு போகாது. அந்த 3 மில்லிகிராம் அன்று முழுவதும் என் மனசில் ஒட்டிக்கொண்டது.

மதியம் தோல் பதனிடும் இடத்துக்குப் போனேன். வாசலிலேயே வாடை வரவேற்றது. அழைத்துப்போன பாய் நாற்பது வருடமாக அதே வாடையில் இருப்பவர். “பழகிடும்மா, அப்புறம் பிரியாணி வாசனை மாதிரிதான்” என்று சிரித்தார். முதல் கொட்டகையில் உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் ஏறக்குறைய பாதி வரைக்கும் உப்பைப் போட்டு அனுப்புகிறார்கள். இங்கே வந்ததும் அந்த உப்பை உதறி, ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி கழற்றி, சவ்வை வழிக்கிறார்கள். பிறகு பெரிய டிரம்களில் குரோமியம் உப்போடு சுழற்றினால் ஒரு நாளில் தோல் வெளிர்நீலமாக வெளியே வருகிறது. ஈரம் சொட்டும் அந்த நீலத் தோலுக்கு வெட் புளூ என்று பெயர்.

குரோமியத்துக்கு முன்னால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். மதராஸிலிருந்து ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அப்படிப் பதனிட்டு லண்டனுக்குப் போன காலம் ஒன்று உண்டு. பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறை வந்தது. சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே அங்கே இருந்த குரோம் தோல் ஆலைதான். பட்டையில் வாரக்கணக்கில் ஊறியது, குரோமியத்தில் ஒரு நாளில் முடிந்தது. கொதிநீரைக்கூடத் தாங்கும் அந்தத் தோல், பனியும் சேறும் மிதிக்கும் பூட்ஸுக்குப் பொருத்தம் என்பதையும் மறுக்க முடியாது. பட்டையில் பதனிட்ட தோல் நனைந்து காய்ந்தால் விறைக்கும், ஆனால் எண்ணெயும் மெழுகும் ஏற்றிப் பேணினால் தலைமுறை கடந்தும் வரும். வாங்குபவர் பராமரிப்பாரா என்பதைப் பொறுத்துத்தான் இரண்டில் எது நல்லது என்று சொல்ல முடியும்.

டிரம்மில் போட்ட குரோமியம் முழுவதையும் தோல் குடிப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு வரை கழிவுநீரில் போகும். அது பாலாற்றில் கலந்த கதையை வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம் அது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன. சொட்டு நீரும் வெளியே விடாத முறையும் வந்தது. குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தவும் கற்றுக்கொண்டார்கள். அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரே சேர்க்காமல் குரோமியம் ஏற்றும் முறையைக்கூட உருவாக்கியிருக்கிறது.

“குரோமைப் புடிச்சிடலாம்மா. உப்பை என்ன பண்றது?” என்றார் பாய். கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தை நெருப்பிலும் வெயிலிலும் வற்றவைத்தால் கடைசியில் கலப்பு உப்பு நிற்கிறது. அதை யாரும் வாங்க மாட்டார்கள், நிலத்தில் கொட்டவும் கூடாது. கொட்டகை கொட்டகையாகக் குவிந்து கிடக்கிறது. சுத்திகரிப்பு என்பது வேலை செய்பவர்களுக்கு ஆபத்தில்லாத ஒன்றும் அல்ல. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். பாலாறு பழைய நிலைக்குத் திரும்பவும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் ஆற்றைச் சீர்செய்யவும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது.

குரோமியத்துக்குப் பயந்து ‘வீகன் லெதர்’ பக்கம் ஓடலாமா? அந்தப் பெயரில் கடையில் இருப்பதில் பெரும்பாலானவை துணிமேல் பூசிய பாலியூரித்தேனோ பிவிசியோதான். விலங்கைக் கொல்லக் கூடாது என்பவருக்கு அது நேர்மையான தேர்வு. மண்ணுக்கு நல்லது என்று நினைத்து வாங்கினால், தோல் உரிந்து போகும் பிளாஸ்டிக்கைத்தான் வாங்குகிறோம். ஈரம் குறைந்த கடுங்குளிருக்குக் கம்பளியை அழுத்திச் செய்த நமதாவும் இயற்கை ரப்பரும் சேர்ந்த பூட்ஸ் நல்ல மாற்று. நீர் ஒட்டாமல் இருக்கப் பூசும் ஃப்ளூரின் ரசாயனங்கள் மண்ணில் அநேகமாக அழிவதே இல்லை. பிரான்ஸ் 2026 ஜனவரியிலிருந்து துணியிலும் ஷூவிலும் அவற்றைத் தடை செய்திருக்கிறது. மெழுகு தடவிக்கொள்வது பழைய வழி, இன்றும் போதுமான வழி.

சாயங்காலம் ஆம்பூரை ஒட்டிய ஒரு கிராமத்துக்குப் போனேன். நான் தேடிப்போன கேள்வியின் முக்கியமான பாதி அங்கேதான் இருந்தது. தெருவில் வாசலுக்கு வாசல் பெண்கள் உட்கார்ந்து கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விரல் பக்கத்தில் மேடு தட்டிய மொக்காசின் வகை அப்பரை இயந்திரத்தில் தைத்தால் அழகு வராது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்து, இரண்டு கையாலும் சேர்த்து இழுக்க வேண்டும். மெழுகு நூல் ஓடி ஓடி அந்த அக்காவின் சுண்டுவிரல் ஓரம் பள்ளம் விழுந்திருந்தது. சாக்கில் கட்டி ஏஜென்ட் காலையில் கொண்டுவந்து போடுகிறார், மறுநாள் எடுத்துப்போகிறார்.

“ஒரு ஜோடிக்கு எவ்ளோ நேரம் ஆவும்?”

“தோலைப் பொறுத்துக்கா. மெத்துனு இருந்தா சீக்கிரம் ஆயிடும். இந்தக் குளிரு ஷூ தோலு கெட்டி, ஊசியே எறங்காது. ரேட்டு மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

“ரேட்டை யாரு போடறாங்க?”

“யாருக்குத் தெரியும்? ஏஜென்ட்டு சொல்றாரு, நாங்க வாங்கிக்கறோம். கேட்டா அடுத்த தெருவுல குடுத்துடுவாரு.”

பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. முதுகுவலிக்குத் தைலமும் நூலுக்கு மெழுகும் கைக்காசு. தோல் தொழில் செய்பவர்களை ஊர் தள்ளிவைத்த காலத்தில் ஆண்கள் செய்ததைத்தான் இன்று பேத்திகள் வாசலில் உட்கார்ந்து செய்கிறார்கள். 2016இல் பிரிட்டனின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைடு, லேபர் பிஹைண்ட் தி லேபிள், பெங்களூரின் சிவிடெப் ஆகிய அமைப்புகள் இந்தப் பெண்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் ஷூ இந்த வாசல்களைத் தாண்டிப் போகிறது என்பது அதன்பிறகுதான் வெளியே கொஞ்சம் தெரிந்தது. வீட்டிலிருந்து உழைப்பவருக்கும் மற்றத் தொழிலாளரைப் போலவே உரிமை உண்டு என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கையும் 1996இல் வந்ததுதான், பாலாற்றுத் தீர்ப்பு வந்த அதே ஆண்டு. இந்தியா இன்னும் அதை ஏற்று ஒப்பமிடவில்லை. தமிழ்நாட்டில் காலணி, தோல் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அந்தத் தெருவில் நான் பேசியவர்களில் அதில் பதிந்தவர் யாரும் இல்லை.

நியாயமான கூலியைக் கணக்கிடுவது கம்ப சூத்திரம் இல்லை. தொழிற்சாலைக்குள் ஒவ்வொரு தையலுக்கும் எத்தனை நொடி ஆகும் என்று கடிகாரம் வைத்து அளக்கிறார்கள், காலையில் நானே பார்த்தேன். அதே கடிகாரத்தை இந்த வாசலில் வைத்து, ஆகும் நேரத்தைக் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கினால் ரேட்டு வந்துவிடும். கெட்டித் தோலுக்கு ஒரு ரேட்டு, மெத்தென்ற தோலுக்கு ஒரு ரேட்டு என்றும் அதுவே பிரித்துக் கொடுக்கும். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிகளின் தணிக்கை தொழிற்சாலை கேட்டோடு நின்றுவிடுகிறது. சாக்குமூட்டை ஏறிய இருசக்கர வண்டியின் பின்னால் யாரும் வருவதில்லை.

ஆகவே கடையில் தொங்கும் சீட்டை எடுத்ததும், அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்க்க வேண்டும். லெதர் வொர்க்கிங் குரூப் சான்று முக்கியமாகத் தோல் பதனிடும் இடத்தின் தண்ணீர், ரசாயனம், மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது. வாசலில் தைக்கும் கையை அது எண்ணுவதில்லை. ‘வீகன்’ என்பது விலங்கைப் பற்றி மட்டும் சொல்கிறது. அதனால் முதலில், வீட்டில் இருக்கும் பூட்ஸுக்கு சோல் மாற்ற முடியுமா என்று தெருமுனைச் செருப்புத் தைப்பவரிடம் கேட்கலாம். புதிதாக வாங்கியே ஆக வேண்டுமென்றால் தைத்த சோல், ரப்பர் அடி, கம்பளி உள்ளுறை பார்த்து ஒன்றே ஒன்றை வாங்கலாம். வாங்குமுன் அந்தக் கம்பெனிக்கு இரண்டு வரி எழுதலாம்: தோல் எந்த ஊரில் பதனிட்டது? கைத்தையல் தொழிற்சாலைக்குள்ளா, வீடுகளிலா, வீடுகளில் என்றால் கூலியை எப்படிக் கணக்கிட்டீர்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பலன் இருக்காது என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பரிசோதனைத் தாளைத்தான் காட்டுவேன். வாங்குகிறவர்களின் சருமத்தைக் காக்க வேண்டும் என்று ஐரோப்பா முடிவெடுத்தது, ஆம்பூரில் லாட் லாட்டாகச் சோதனை வந்துவிட்டது. கிலோ தோலில் 3 மில்லிகிராமைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த ஒரு வியாபாரத்துக்கு, சாக்குமூட்டை எந்தத் தெருவில் இறங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. அதை யாரும் இன்னும் நிபந்தனையாகக் கேட்கவில்லை.