கேட்காமல் கிடைப்பது

ஷெல் என்றதும் சிப்பியோ பெட்ரோல் பங்க்கோ நினைவுக்கு வந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஷெல் என்பது ஒரு இடைத்தரகர். நாம் டைப் அடிக்கும் கட்டளைகளை வாங்கிப் புரிந்துகொண்டு, உள்ளே இருக்கும் கெர்னலிடம் சொல்லி வேலை வாங்கித் தருபவர். பருப்பைச் சுற்றி ஓடு மாதிரி. அதனால்தான் அந்தப் பெயர்.

1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல். கூப்பிடும் பெயர் எஸ்.ஹெச். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் க்னூ திட்டத்துக்காக அதற்கு ஒரு வாரிசு எழுதி, 'போர்ன் அகெய்ன் ஷெல்' என்று சிலேடையாகப் பெயர் வைத்தார். சுருக்கமாக பாஷ். அப்போதெல்லாம் பெரும்பாலான லினக்ஸ்களில் எஸ்.ஹெச். என்று கூப்பிட்டால் பாஷ்தான் 'ஏன்?' என்று எழுந்து வந்தது. வருஷக்கணக்கில் அப்படியே பழகிவிட்டோம்.

2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10-ல் அந்த நாற்காலியில் டாஷ் என்ற ஒல்லிப் பிச்சானை உட்கார வைத்தார்கள். காரணம் நியாயமானது. மெஷினைப் போட்டதும் வரிசையாக ஏகப்பட்ட ஸ்கிரிப்ட்டுகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷெல் எழுந்து வரவேண்டும். பாஷ் கொஞ்சம் குண்டு. அதன் மேனுவலிலேயே, குறைகள் என்ற தலைப்பில், பெரிசு, மெதுவு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மனிதர்கள் டைப் அடிக்க பாஷையே விட்டுவைத்தார்கள். ஸ்கிரிப்ட்டுகளுக்கு மட்டும் டாஷ்.

அந்த நவம்பரில் என் வீட்டு மெஷினை புதுப் பதிப்புக்கு மாற்றினேன். தினம் ராத்திரி போட்டோக்களை இரண்டாவது டிஸ்க்கில் காப்பி எடுக்க, நானே எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. மார்ச்சில் முதல் டிஸ்க் மண்டையைப் போட்டது. அலட்டிக்கொள்ளாமல் இரண்டாவதைத் திறந்தேன். நவம்பருக்குப் பிறகு ஒரு படம்கூட இல்லை. நடுவில் ஒரு பொங்கல். அம்மா எங்களோடு இருந்த கடைசிப் பொங்கல்.

அக்கா பையன் வந்து பார்த்தான்.

"மாமா, முதல் வரியில எஸ்.ஹெச்.னு போட்டுட்டு உள்ளே பாஷ் பாஷை பேசியிருக்கீங்க. இங்க ரெண்டு ஈக்வல்ஸ் இருக்கு பாருங்க. டாஷுக்கு ஒண்ணுதான் தெரியும்."

"தெரியலைன்னா நிறுத்தணுமில்லே?"

"சொல்லியிருக்கே. லாக் ஃபைலை நீங்க திறந்தே பாக்கலை."

திறந்தேன். ராத்திரிக்கு ஒரு வரி வீதம் புகார். புரியாத நிபந்தனையைப் பொய் என்று எடுத்துக்கொண்டு, காப்பி எடுக்காமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. ஷெல்லை மாற்றியவர்களைத் திட்ட வாயெடுத்தேன். முடியவில்லை. எஸ்.ஹெச். என்றால் இன்னின்னதுதான் செய்யும் என்று போஸிக்ஸ் தரம் எழுதி வைத்திருக்கிறது. அதற்குமேல் பாஷ் செய்ததெல்லாம் உபரி சலுகை. அதை உரிமை என்று நினைத்தது நான்.

2011-ல் டெபியனும் டாஷுக்கு மாறியது. 2014 செப்டம்பரில் பாஷில் பல வருஷங்களாக ஒளிந்திருந்த 'ஷெல்ஷாக்' ஓட்டை வெளிப்பட்டபோது, டாஷை எஸ்.ஹெச். ஆக்கியவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. வேகத்துக்காகச் செய்தது காவலுக்கும் உதவியது. 2019-ல் ஆப்பிள்கூட மேக் கம்ப்யூட்டர்களில், டைப் அடிக்கும் ஷெல்லை பாஷிலிருந்து இஸட்-ஷெல்லுக்கு மாற்றியது. பழைய ஆசாமிகளைத் தொந்தரவு செய்யாமல், டெர்மினலைத் திறந்தால் மாறச் சொல்லி ஒரு அறிவிப்பு மட்டும் வைத்தது.

இப்போதெல்லாம் எனக்கு பாஷ் வேண்டுமென்றால் முதல் வரியில் பாஷ் என்றே முழுசாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லாக் ஃபைலைப் படிக்கிறேன். இரண்டாவது டிஸ்க்கில் ஏதாவது ஒரு படத்தைத் திறந்தும் பார்த்துவிடுகிறேன்.

அந்தப் பொங்கல் படங்களில் ஒன்றே ஒன்று, தங்கைக்கு ஈமெயிலில் அனுப்பியது, திரும்பக் கிடைத்தது. அதில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.