நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு எதற்குப் பரிசோதனை?

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கணக்கில் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. அதே பெண், வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு நோட்டை மேசையிலேயே விட்டுப்போகிறாள். அரைமணி நேர வேலையை அவள் முடிக்க, மாலை முழுக்க நான் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் அந்த மாலைகள் தெரிவதில்லை.

கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறான ஏ.டி.ஹெச்.டி.யாக இருக்குமோ, பார்த்துவிடலாமா என்று பேச்செடுத்தேன். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஓய்வுபெற்ற என் மாமனார், "அவ அப்பனும் இப்படித்தாம்மா இருந்தான். இப்ப நல்லா இல்லையா?" என்றார். மாமியாருக்கு வேறு பயம்: "பொம்பளப் புள்ளைம்மா. மனநல டாக்டர்கிட்ட போனாள்னு நாளைக்கு நாலு பேர் சொன்னா?"

அன்பில் வந்த வார்த்தைகள்தான். ஆனால் மாமனார் சொன்னதே போய்ப் பார்ப்பதற்கான காரணமாக எனக்குப் பட்டது. இதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டென்று இரட்டையர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் கணவர் அன்றிரவு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கேன். ஆனா சோம்பேறின்னு திட்டு வாங்கினது இன்னும் மறக்கல."

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஏ.டி.ஹெச்.டி. தெரியாது. 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநல மருத்துவக் கையேட்டின்படி, கவனக்குறைவுக்கு 9, துறுதுறுப்புக்கு 9 என அறிகுறிகள் உள்ளன. பிள்ளைகளுக்கு ஏதாவதொரு பட்டியலில் 6 அறிகுறிகளாவது ஆறு மாதமாக இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். அதனால்தான் ஆசிரியரிடமும் கேட்கிறார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்தே ரேங்க் கார்டுகளில் 'கவனம் போதாது' என்று எழுதியிருப்பதை எடுத்து வைத்திருக்கிறேன். ஓடியாடும் பையனை வகுப்பு உடனே கண்டுகொள்ளும். அமைதியாக உட்கார்ந்து எங்கோ நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணால் யாருக்கும் தொந்தரவில்லை. அவள் கெட்டிக்காரியாகவும் இருந்துவிட்டால் யாரும் கேட்பதே இல்லை.

தேர்வுச் சலுகைக்காக நான் இதைத் தேடவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.ஹெச்.டி. தனியாக இல்லை. அதேசமயம், 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே., 18 வயதுவரை பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டியவற்றில் இதையும் சேர்த்திருக்கிறது. அரசே தேடச் சொல்வதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

தூக்கக் குறைவு, காது கேளாமை, மனக்கவலை எல்லாம்கூடப் பிள்ளையை இப்படிக் காட்டலாம். ஏ.டி.ஹெச்.டி. இல்லையென்று மருத்துவர் சொன்னால் அவற்றைப் பார்ப்போம். ஆமென்று சொன்னால், பாடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, முன் பெஞ்சில் உட்கார வைப்பது என்று தொடங்கலாம்; மாத்திரை வேண்டுமா என்பதைப் பிறகு அவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

போன வாரம் மகள், "நான் சோம்பேறிதானேம்மா" என்றாள். அதோடு என் தயக்கம் போய்விட்டது, அழைத்துப் போகிறோம். நாலு பேர் அவளைப் பற்றிச் சொல்லப்போவதைவிட, அவளே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுதான் எனக்குப் பெரிது.