மோட்டார் பெட்டிக்குள் ஒரு நாலு கால் பூச்சி

கிணத்து மோட்டார் கரன்ட் இல்லாததால கருகாது. அரைகுறையா வந்தாத்தான் கருகும். மூணு பேஸ்ல ஒண்ணு போயிட்டா, மீதி ரெண்டுல சுத்த முடியாம உறுமிக்கிட்டே சூடேறி காயில் போயிடும். வெள்ளிமலையில இருந்து அதைக் கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சிக்கு இறக்கி, காயில் கட்டி, திரும்ப ஏத்துறதுக்குள்ள மரவள்ளி வாடிடும்.

அதனால பக்கத்துக் கொல்லைச் சித்தப்பாவுக்கு பேஸ் பார்க்கிற பெட்டி ஒண்ணு செஞ்சேன். மூணும் இருந்தாத்தான் ஸ்டார்ட்டர் எடுக்கும். பெட்டியோட மூளை 3.3 வோல்ட்ல ஓடுற சின்ன போர்டு. பேஸ் ஒவ்வொண்ணும் 230 வோல்ட். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது, ஆனா சேதி மட்டும் போகணும்.

அதுக்குத்தான் ஆப்டோ ஐசோலேட்டர். நான் போட்டது பிசி817. நாலு கால் பூச்சி மாதிரி இருக்கும், விலை ஒரு டீக்கு ஆகிற காசுதான். உள்ளே ஒரு பக்கம் எல்இடி, எதிர்ல வெளிச்சம் பட்டா திறக்கிற டிரான்சிஸ்டர். நடுவுல ஒயர் கிடையாது.

"ஏன்டா தம்பி, இந்தப் பொடிசு 230 வோல்ட்டைத் தாங்குமா?"ன்னார் சித்தப்பா.

இடைவெளி 5000 வோல்ட் தாங்கும், அது பிரச்சினையே இல்லை. யோசிக்க வேண்டியது எல்இடிக்கு எவ்வளவு கரன்ட் விடுறதுங்கிறதுதான். 5 மில்லிஆம்பியர் விட்டா நல்லா எரியும். ஆனா முன்னாடி இருக்கிற ரெசிஸ்டர் ஒரு வாட்டுக்கு மேல சூட்டைக் கக்கும். மூணு பேஸுக்கு மூணு. மூடின பெட்டிக்குள்ள அது அடுப்பு. அதனால பேஸுக்கு ரெண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை வரிசையாப் போட்டு, ஒரு மில்லிஆம்பியர் சொச்சத்தோட நிறுத்திட்டேன். எல்இடி தலைகீழ் வோல்டேஜ்ல 6 வோல்ட்டுக்கு மேல தாங்காது. அதுக்கு ஒரு டயோடை எதிர்த்திசையில குறுக்கே கட்டணும்.

கரன்ட்டைக் குறைச்சா வெளிச்சமும் குறையும். இங்கதான் பேருக்குப் பின்னாடி வர்ற எழுத்து முக்கியம். உள்ளே விடுற கரன்ட்டுக்கு வெளியே எத்தனை சதவீதம் வரும்னு அதுதான் சொல்லும். 'ஏ'ன்னா 80 முதல் 160, 'சி'ன்னா 200 முதல் 400. அந்தக் கணக்கும் 5 மில்லிஆம்பியர்ல எடுத்தது. ஒண்ணுல இன்னும் குறையும். வருஷம் ஆக ஆக எல்இடியும் மங்கும். கடைக்காரர் எழுத்தைப் பார்க்காம அள்ளிக் கொடுப்பார், நாமதான் 'சி' கேட்டு வாங்கணும். அந்தப் பக்கம் 10 கிலோ ஓம் போட்டா 0.33 மில்லிஆம்பியர் இழுத்தாப் போதும். எல்இடி பாதி மங்கினாலும் வேலை நடக்கும்.

ஏசிங்கிறதால 20 மில்லி செகண்டுக்கு ஒரு துடிப்பு வரும். அஞ்சு துடிப்பு தொடர்ந்து வரலைன்னா அந்த பேஸ் இல்லைன்னு அர்த்தம்.

"ஓடிக்கிட்டிருக்கும்போது பேஸ் போனா?"

நல்ல கேள்வி. ஓடுற மோட்டார், அறுந்த பேஸ்லயும் தானே வோல்டேஜை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். ஆப்டோ ஏமாந்து மூணும் இருக்குன்னு சொல்லிடும். அப்போ வோல்டேஜைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, ஒயர்ல ஓடுற கரன்ட்டை அளக்கணும். அதுக்கு சிடி காயில் வாங்கி வெச்சிருக்கேன். மழை விட்டதும் மெயினை இறக்கிட்டு மாட்டணும். அதுவரைக்கும் ஸ்டார்ட்டர்ல இருக்கிற ஓவர்லோடு ரிலேதான் காவல்.