வந்தது எத்தனை பேர்

14.1.2024, ஞாயிறு
டெக்கென் சண்டை கேம் போட்டிக்கு வந்தது 7 பேர். ஆறு பேர் பழைய முகம். ஏழாவது, ஆயர் ஈத்தாம் பையன். பதினைந்து வயது இருக்கும். ஜின் பாத்திரத்தை எடுத்தான். 0-2. அடுத்ததும் 0-2. இருபது நிமிடத்தில் அவன் கதை முடிந்தது. “சரிண்ணே” என்று பையை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டான்.
குடிக்க ஒரு தே ஓ ஐஸாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம். நான் யாரோடு யார் என்ற பிராக்கெட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

15.1, திங்கள்
பொங்கல். காலை ஷிப்டு முடித்து வந்து ஆறின பொங்கலைச் சாப்பிட்டேன். “இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்த கேமு?” அம்மா. 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டிலேயே டெக்கெனுக்குத் தங்கம் கொடுத்தார்கள் என்றேன். “உனக்குக் கொடுத்தாங்களா?”
கோபம். அம்மா மேல் இல்லை.

17.1, புதன்
நாங்கள் ஆடும் அறையின் சொந்தக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். தலைவலி.
பழைய டிவி ஆகாது. கேம் மோட் போட்டும் பட்டனை அழுத்தினால் திரையில் கை தாமதமாகத்தான் நகர்கிறது. நொடிக்கு 60 ஃப்ரேம். ஒரு சின்னக் குத்து வர 10 ஃப்ரேம். டிவி அதில் பாதியைத் தின்றால் தடுப்பது எப்படி? புதிதாக வருகிறவனுக்கு இது தெரியாது. தனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வான்.
அந்தப் பையன் ஆடியது இந்த டிவியில்தான்.

18.1, வியாழன்
மானிட்டர் மூன்று கிடைக்கும். ஒன்று என்னுடையது, இரண்டு இரவல்.
தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 16 பேர், இரண்டு முறை தோற்றால் வெளியே. 30 ஆட்டம். ஆட்டத்துக்கு 12 நிமிடம். இரண்டு மானிட்டரில் 3 மணி நேரம், மூன்றில் 2.
16 பேர் வந்தால்தானே.

20.1, சனி
சுங்கை பட்டாணியிலிருந்து போன். “அண்ணே, நீங்க ஞாயித்துக்கிழமை வைக்கிறீங்க. எங்களுக்கு அன்னைக்கு ஸ்கூல்.” கெடாவில் வெள்ளி, சனிதான் விடுமுறை. ஒரு வருடமாக அவர்களை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பள்ளி நாளில். வெட்கமாக இருந்தது.
பிப்ரவரி 3, சனி. முடிவு.

21.1, ஞாயிறு
ஆட்டம் இல்லை. தைப்பூசத்துக்காகத் தெரு முழுக்கத் தண்ணீர்ப்பந்தல் கட்டுகிறார்கள். நானும் கம்பி தூக்கினேன். தோள் வலி. நல்ல வலி.

24.1, புதன்
வெள்ளி ரதம் கோயில் வீட்டிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டது. வழியெல்லாம் தேங்காய். செருப்புக்குள் ஓட்டுச் சில் குத்தி ரத்தம்.

25.1, வியாழன்
பூசம். விடியும் முன்னே மலைக்கோயிலின் 513 படி ஏறி இறங்கினேன். பிறகு பந்தலில் பண்டுங் ரோஸ்பால் ஊற்றினேன், பத்து மணி நேரம். வந்தவர்களை எண்ணவே தோன்றவில்லை.
மத்தியானம் மஞ்சள் வேட்டியில் ஒருவன், அம்மாவோடு, தலையில் பால்குடம். அந்தப் பையனேதான்! “தம்பி, மூணாம் தேதி வா!” உறுமி மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தலையை ஆட்டினானா, குடத்தைச் சரி செய்தானா?

26.1, வெள்ளி
டெக்கென் 8 இன்று வெளியீடு. இறங்கிக்கொண்டே இருக்கிறது, 41 சதவீதம். வெளியே ரதம் திரும்பிப் போகிறது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.
இரவு 1 மணி. ஆடினேன். கை நடுங்கியது. பழைய பழக்கம் பாதி உதவாது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். இன்றைக்கு யாரும் பழைய ஆள் இல்லை.

28.1, ஞாயிறு
வந்தது 9 பேர். சண்டை. மூன்றாவது மானிட்டரில் பிராக்கெட் வேண்டாம், தோற்றவர்கள் சும்மா ஆட விடலாம் என்றேன். “ஒரு மணி நேரம் வீண்” என்றார்கள். வீண் இல்லை. தோற்றவனுக்கு நாற்காலி இல்லையென்றால் அவன் வேறு என்ன செய்வான்? படியைத்தான் பார்ப்பான்.
கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம்.

31.1, புதன்
பெயர் கொடுத்தது 8 பேர். எட்டே எட்டு. விட்டுவிடலாம் போல இருக்கிறது.
1996ல் கலிபோர்னியாவில் 40 பேர் கூடி ஆடியதுதான் இன்றைய பெரிய சண்டை கேம் போட்டியான இவோ. இவோ பட்டத்தை இதுவரை நாலு தடவை ஜெயித்த அர்ஸ்லான் ஆஷ் லாகூர்க்காரர். லாகூரில் அவரோடு தினமும் ஆட ஆள் இருந்தது. எனக்கு அது போதும். ஆள் இருக்கணும்.

1.2, வியாழன்
14 பேர்.

2.2, வெள்ளி
14. வயிறு சரியில்லை. வயர்களுக்கு டேப் ஒட்டிப் பெயர் எழுதினேன். போன முறை யாரோ புளூடூத்தில் விட்டுப் போன கண்ட்ரோலர் ஆட்டத்தை நடுவிலேயே நிறுத்தி, ஒரு ரவுண்டே போனது. நாளைக்கு எல்லாம் வயர்தான்.

3.2, சனி
வந்தது 19 பேர்! சுங்கை பட்டாணியிலிருந்து 4. பாகான் பையன்கள் ஃபெரியில் மோட்டாரோடு வந்தார்கள். நாசி லெமாக் 20 பொட்டலம் வாங்கியிருந்தேன், ஒன்றுதான் மிச்சம்.
அந்த ஆயர் ஈத்தாம் பையனும் வந்தான். ரெய்னா எடுத்தான். 1-2. பிறகு 0-2. வெளியே.
நான் எழுந்து போய் மூன்றாவது மானிட்டரைக் காட்டினேன். சுங்கை பட்டாணியிலிருந்து வந்து தோற்ற இன்னொருவன் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் நாலரை மணி நேரம் ஆடினார்கள். இடையில் ஒரு தடவை பையனின் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.
மொத்தம் 37 ஆட்டம். இறுதி ஆட்டத்தை இரண்டு முறை ஆட வேண்டியதாயிற்று. ஜெயித்தது பாகான்.
இரவு 9.40. வயர் எல்லாவற்றையும் அந்தப் பையன்தான் சுருட்டினான். டேப்பில் இருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து, சரியான பைக்குள் வைத்தான்.
அடுத்த சனி சீனப் புத்தாண்டு, அறை பூட்டு. அதற்கடுத்தது 17. அவனிடம் சொல்லிவிட்டேன்.