ஜிம் ஊசியும் பிள்ளைப் பாக்கியமும்



கொஞ்சம் கூச்சமான விசயம்தான். ஆனால் நாம் கூச்சப்பட்டு மூடி வைத்ததன் பாரத்தை நம்மட ஊர்ப் பெண் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள். அதனால் பேசுவோம்.

கலியாணம் முடிந்து இரண்டு வருசம் போனால் ஊரே மருமகளிடம்தான் கேட்கிறது, "இன்னும் ஒண்டும் இல்லையா?" என்று. தண்ணீர் ஓதிக் குடிப்பதும் அவள், கிளினிக் ஏறி இறங்குவதும் அவள். மாப்பிள்ளையையும் ஒருக்கா காட்டுவோம் என்று சொல்ல நம்மில் அநேகருக்கு வாய் வருவதில்லை. பிள்ளை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப்பேரில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்கிறார்கள் டொக்டர்மார்.

ஆணுக்கான முதல் பரிசோதனை லேசானது. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு விந்தைக் கொடுத்தால் லேப்பில் எண்ணிச் சொல்வார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, ஒரு மில்லிலீற்றரில் 1 கோடி 60 இலட்சம் விந்தணு என்பது கீழ் எல்லை. அதைவிடக் குறைந்தால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. விதைப்பையில் நரம்பு புடைப்பது போன்ற சில காரணங்களுக்கு வைத்தியமும் உண்டு.

இப்போது வாலிபர்களுக்கு ஒரு விசயம். உடம்பு ஏத்துவதற்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆண்மை கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். சாதாரண தர விஞ்ஞானத்தில் கபச்சுரப்பி என்று படிப்பிக்கிறோமே, விதைகளுக்கு வேலை சொல்லி அனுப்புவது அதுதான். வெளியிலிருந்து ஓமோன் வந்து நிறைந்தால், "இங்கே போதுமானது இருக்கிறது" என்று அது தன் கட்டளையை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் போகும். கைகள் பருத்திருக்கும், ரிப்போர்ட்டில் பூச்சியம்.

வளர்ச்சி ஓமோன் ஊசியும் இதோடு சேர்த்து விற்கப்படுகிறது. அது அந்த ஓமோன் குறைந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் டொக்டர் அளந்து கொடுக்கும் மருந்து. விந்தணுவைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. தேவையில்லாமல் போட்டால் சீனி ஏறும், கை கால் வீங்கும், மூட்டு வலிக்கும்.

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் வேண்டும். ஊசியை நிறுத்திய பலருக்குப் பழைய நிலை திரும்புகிறது. ஆனால் மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருசமும் தாண்டும். போட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் டொக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால் வைத்தியம் உங்கள் மனைவிக்குத்தான் நடந்துகொண்டிருக்கும்.

பிள்ளையைக் கொடுப்பவனும் கொடுக்காமல் வைப்பவனும் அல்லாஹ்தான் என்பதை ஸூரா அஷ்ஷூறாவில் ஓதுகிறோம். அதை ஓதும் நாம் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? அடுத்த முறை கிளினிக்குக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போகட்டும்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் ஸாலிஹான பிள்ளைகளைத் தருவானாக. ஆமீன்.