ஆட்டம் இல்லாத மாதங்கள்

எனக்கு பேஸ்பால் பிடிக்கும் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். "நீ ஆடியிருக்கியா?" இல்லை. "மேட்சாவது பாப்பியா?" பாஸ்டனில் இரவு ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை ஏழு மணி. நான் பாயான் லெப்பாஸ் நெரிசலில் மோட்டாரில் நின்றுகொண்டிருப்பேன். உண்மையில் நான் தேடித்தேடிப் படிப்பது ஆட்டங்களைப் பற்றியல்ல, ஆட்டம் இல்லாத மாதங்களைப் பற்றி.

அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ பருவம் முடிந்தால் மார்ச் வரை பந்து கிடையாது. அந்த இடைவெளியில்தான் யாரை வைத்துக்கொள்வது, யாரை விற்பது, யாரைப் போகச் சொல்வது என்று அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து பேசுவதுபோல் ரசிகர்கள் அதைப் பற்றியே பேசித் தீர்ப்பதால் அந்தப் பேச்சுக்கு 'ஹாட் ஸ்டோவ்' என்று பெயர். நமக்குக் குளிர்காலமும் இல்லை, அடுப்பும் இல்லை. மாமாக் கடையில் தே ஓ ஐஸ்தான்.

பல்கலைக்கழக இறுதியாண்டில் 'மணிபால்' படம் பார்த்தேன். கையில் காசில்லாத ஓக்லண்ட் அணியின் மேலாளர் பில்லி பீன், புள்ளிவிவரத்தை வைத்து மலிவான நல்ல வீரர்களைக் கண்டுபிடிக்கும் கதை. 2002 நவம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரைப் பெரிய சம்பளத்துக்கு அழைத்தது. முதலில் ஒப்புக்கொண்டவர் பிறகு மறுத்துவிட்டார். அந்த நாற்காலியில் தியோ எப்ஸ்டீன் என்பவரை உட்கார வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 28. அதே மாதம் பில் ஜேம்ஸையும் ஆலோசகராகச் சேர்த்தார்கள். ஒரு காலத்தில் உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டே பேஸ்பால் கணக்குகளை எழுதி வந்தவர் அவர். இருபத்தெட்டு வயசுக்காரனும் இரவுக் காவலாளியும் சேர்ந்து ஓர் அணியை மாற்றுகிறார்கள் என்றால் எனக்குப் பிடிக்காமல் போகுமா?

அந்த அணியின் மிகப் பிரபலமான குளிர்காலம் 1919. மேடை நாடகங்கள் தயாரித்துவந்த உரிமையாளர் ஹாரி ஃப்ரேசி, டிசம்பர் கடைசியில் பேப் ரூத்தை 1,00,000 டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார். அந்த ஆண்டு ரூத் அடித்திருந்தது 29 ஹோம் ரன்கள். யாருமே அதுவரை அவ்வளவு அடித்ததில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் 54 அடித்தார். 1918இல் கோப்பை வென்ற ரெட் சாக்ஸ் அடுத்ததை வெல்ல 86 ஆண்டுகள் ஆயின. ஊரே அதை ரூத்தின் சாபம் என்றது.

என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு குளிர்காலம். 2002 டிசம்பரில் மினசோட்டா ட்வின்ஸ் அணி டேவிட் ஓர்டிஸ் என்ற வீரரைச் சும்மா விடுவித்தது. சம்பளம் கூடப்போகிறது, முழங்காலிலும் மணிக்கட்டிலும் காயங்கள். வேறு அணியிடம் கொடுத்து பதிலுக்கு ஒருவரைக்கூட வாங்கவில்லை. அந்த ஆண்டின் முதல் நாளில்தான் அவருடைய அம்மா கார் விபத்தில் இறந்திருந்தார். அதற்கு எந்த அட்டவணையிலும் ஒரு கட்டம் கிடையாது. டொமினிக்கன் குடியரசில் ஓர் உணவகத்தில் தற்செயலாக அவரைப் பார்த்த பெட்ரோ மார்ட்டினெஸ், இவரை எடுங்கள் என்று ரெட் சாக்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஜனவரியில் 12.5 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம். 2004இல் யாங்கீஸிடம் மூன்று ஆட்டங்கள் தோற்று விளிம்பில் நின்ற அணியை, நான்காம் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் கடைசி அடி அடித்துக் காப்பாற்றியவர் அவர்தான். சாபம் அந்த ஆண்டே தீர்ந்தது.

போன வருடம் வரை இதை ஒரு வெற்றிக் கதையாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன நவம்பரில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். லைனில் 42 டெக்னீஷியன்கள், ஆறு பேரைக் குறைக்க வேண்டும். "நீதான் டேட்டால கெட்டிக்காரன். உணர்ச்சி இல்லாம ஒரு லிஸ்ட் போடு." எனக்கு வயது 28. பொய் சொல்லவில்லை, அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பழுது நீக்க எடுக்கும் சராசரி நேரம், அவசர விடுப்பு நாட்கள், பெற்ற சான்றிதழ்கள் என்று மூன்று பத்திகள் போட்டேன். வரிசைப்படுத்தியதும் 39ஆவது இடத்தில் அண்ணன் பெயர் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "தம்பி, மொதல்ல மெஷின் சத்தத்த கேளு. ஸ்கிரீன அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு ஏன் அதிக நேரம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும். மற்றவர்கள் கைவிட்ட மெஷின்கள்தான் அவரிடம் போகும். விடுப்பு ஏன் அதிகம் என்பதும் தெரியும். வாரத்துக்கு மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிறவர். தெரிந்தும் நான்காவது பத்தி போடவில்லை. உணர்ச்சி இல்லாமல் போடு என்றுதானே சொன்னார்கள். கோப்பை அனுப்பிவிட்டேன்.

டிசம்பரில் அவர் போய்விட்டார்.

எண்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் வரவில்லை. எண்களை நம்பிய எப்ஸ்டீன்தானே ஓர்டிஸை எடுத்தார். ஆனால் அவர்களும் 2003 தொடக்கத்தில் அவரை முழுநேரம் ஆடவைக்காமல் பெஞ்சில்தான் பாதி நாள் உட்காரவைத்தார்கள். அவர் யார் என்று பாஸ்டனுக்கும் உடனே தெரிந்துவிடவில்லை. மினசோட்டாவில் அந்த அட்டவணையைப் போட்டவரும் என்னைப்போல ஒரு பையனாக இருந்திருப்பானோ என்று சில சமயம் நினைப்பேன். அவனுக்காவது ஓர்டிஸின் மெஷின் சத்தம் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

சீனப் பெருநாள் விடுமுறையில் மாமாக் கடையில் அண்ணனைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். தே தாரிக் சொன்னார். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லிஸ்ட் நீ போட்டதுன்னு சொன்னாங்க" என்றார்.

"ஆமா அண்ணே."

"நான் எத்தனாவது?"

"முப்பத்தொன்பது."

தலையை மெதுவாக ஆட்டினார். "பரவால்ல. கடைசி இல்ல." பில்லை என்னைக் கட்ட விடவில்லை.

அன்று இரவு மடிக்கணினியைத் திறந்து, எந்த வகைப் பழுது என்ற பத்தியைச் சேர்த்து மறுபடியும் கணக்குப் போட்டேன். அதற்கான விவரமெல்லாம் பழைய பதிவுகளில் இருந்தது. முன்பே இருந்தது. விடுப்புப் பத்தியைத் தொடாமலேயே அண்ணன் ஐந்தாவது இடத்துக்கு வந்தார்.

அந்தக் கோப்பை இன்னும் யாரிடமும் காட்டவில்லை. மேனேஜரிடமும் இல்லை, அண்ணனிடமும் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு லைனுக்கு லிஸ்ட் கேட்டிருக்கிறார்கள்.